வீக்கம் வடியும், காது திரும்பாது

பிள்ளைக்குத் தாடையோரம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலை அரைத்துப் பூசி, பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது நம் வீடுகளில் பழகிய வைத்தியம். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதனாலேயே அதற்கு யாரும் அஞ்சுவதில்லை.

அஞ்ச வேண்டும். அரிதாக அந்த நோயின் வைரஸ் உள்காதுக்குள் புகுந்து, ஒலியை உணரும் நுண்ணிய செல்களை அழித்துவிடுகிறது. சீழ் வடியாது, காது வலிக்காது. பெரும்பாலும் ஒரு காது மட்டுமே போகும். மறு காதை வைத்துக் குழந்தை சமாளித்துக்கொள்வதால் பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஃபோனை எப்போதும் ஒரே காதில் வைப்பதையும், பின்னால் ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறுவதையும் கவனித்துக் கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். அப்படிப் போன கேட்கும் திறனை மருந்தால் மீட்பது மிகக் கடினம்.

ஜப்பானில் நடந்தது நமக்குப் பாடம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்க அங்கே போடப்பட்ட எம்.எம்.ஆர். தடுப்பூசியில் இருந்த பொன்னுக்கு வீங்கி வைரஸ் வகை சில குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கியதால், 1993-இல் அதை நிறுத்தினார்கள். பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2015, 2016 ஆண்டுகளில் நோய் பரவியபோது காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 300-க்கும் மேற்பட்டோர் செவித்திறன் இழந்திருந்தது தெரியவந்தது. இத்தனைக்கும் பாதுகாப்பான வேறு வகை அப்போதே இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்மன் 1963-இல் நோயுற்ற தன் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸிலிருந்து உருவாக்கியது அது. இன்றும் பல நாடுகளில் அதுதான் பயன்படுகிறது.

இந்திய அரசு 2017-இல் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் இருந்தது. கர்ப்பிணியை ருபெல்லா தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம் என்பதால் அது மிக நல்ல முடிவு. ஆனால் பொன்னுக்கு வீங்கியை மட்டும் விட்டுவிட்டார்கள். உயிரை அரிதாகவே பறிக்கும் நோய் என்பது உண்மைதான். ஒரு குழந்தையின் காது அவ்வளவு மலிவா? இலங்கை 2011-லேயே மூன்றையும் சேர்த்த தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் கொண்டுவந்துவிட்டது. இங்கே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் அதைப் பரிந்துரைத்தும், தனியார் மருத்துவமனையில் காசு கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அரசு அட்டவணையில் எம்.எம்.ஆர். இடம்பெற்றே ஆக வேண்டும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொன்னுக்கு வீங்கி வந்து போன பிள்ளைக்கு இரண்டு காதுகளையும் தனித்தனியாகப் பரிசோதித்துவிடுங்கள். தலைசுற்றல், காதில் இரைச்சல், திடீரெனக் கேட்காமை என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.