கொல்லிமலைக்கு எந்த காமிரா?

கொல்லிமலை போகும் நண்பர்கள் காமிரா வாங்குமுன் கேட்பது "எத்தனை மடங்கு ஜூம்?" என்றுதான். முதலில் கேட்க வேண்டியது அது இல்லை என்பது என் கட்சி.

2018-ல் வந்த கேனான் எஸ்எக்ஸ்740-ஐ எடுத்துக்கொள்வோம். 40 மடங்கு ஜூம், எடை சுமார் 300 கிராம். 2008-ல் வந்த நிக்கான் டி90, 18-105 லென்ஸோடு ஒரு கிலோவைத் தாண்டும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். திரும்பி ஏறும்போது அந்த எடை கனக்கத்தான் செய்யும்.

ஆனால் டி90-ன் சென்சார் பரப்பளவில் சுமார் 13 மடங்கு பெரிது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் நிழலிலும் மூடுபனியிலும் வெளிச்சம் கம்மி. அங்கே சின்ன சென்சார் எடுக்கும் படம் புள்ளி புள்ளியாகிவிடும். முழு ஜூமில் அதன் லென்ஸ் எஃப்/6.9 தான், இன்னும் மோசம். ரா ஃபைல் வசதியும் இல்லாததால் பிறகு திருத்தவும் வழி குறைவு.

எதிர்மலைப் பறவைதான் வேண்டுமென்றால் சூப்பர்ஜூம் வாங்குங்கள். டி90-க்கு அவ்வளவு நீள லென்ஸ் மாணவர் பட்ஜெட்டில் நடக்காத காரியம். அருவி, காடு, சந்தையில் மனிதர்கள் என்றால் செகண்ட் ஹேண்ட் டி90-க்கே என் ஓட்டு. இவற்றுக்கெல்லாம் நாலு எட்டு நடந்தால் ஜூம் தேவைப்படாது. வெளிச்சத்துக்கு எங்கே போவது?