கரண்டிக்கு மீசை தேடுகிறவர்கள்

எங்கள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் நாலு பாஷை காதில் விழும். டீ ஆற்றுகிறவர் கன்னடத்தில் கணக்குச் சொல்வார். பூக்கூடையோடு நிற்கிற அம்மாள் தெலுங்கில் பேரம் பேசுவாள். அத்திப்பள்ளி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவன் தமிழில் தொண்டை கிழியக் கத்துவான். பழவண்டிக்காரர் தம் பையனை உருதுவிலே திட்டுவார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் பூக்காரம்மாள் கன்னடம் பேசுவாள், டீக்காரர் தெலுங்குக்கு மாறியிருப்பார். இவர்களில் எவரும் இலக்கணப் புஸ்தகத்தைத் தொட்டவரல்லர்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒரு பெண், ‘எனக்குப் பாஷை வராது, என் மூளையிலேதான் கோளாறு’ என்று நம்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்றால் எனக்குக் கோபம் வராதா? வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு மளிகைக் கடைக்காரரின் மகள் அவள். வீட்டிலே தெலுங்கு, பள்ளிக்கூடத்திலே தமிழ். நர்ஸிங் படித்துத் தேறியவள். ஜெர்மனியில் செவிலியாகப் பதிவு பெறுவதற்குப் பொதுவாக பி-2 என்கிற நிலை வரையில் அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு படி கீழே பி-1. அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தில், வாரத்துக்கு ஐந்து நாள் எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போய்ப் படித்தாள். பி-1 பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை முடிவு வந்த அன்று என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, ஸ்பூன் ஆணாம், ஃபோர்க் பெண்ணாம், கத்தி ரெண்டும் இல்லையாம். ஏன்னு கேட்டா, ‘ஏன்னு கேக்காதே, உருப்போடு’ங்கறாங்க. எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் மண்டையிலே ஏற மாட்டேங்குது.”

அவள் சொன்னது மெய்தான். ஜெர்மன் பாஷையில் ஒவ்வொரு பெயர்ச் சொல்லுக்கும் முன்னால் டெர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒரு சொல் நிற்கும். டெர் லோஃபெல் என்றால் கரண்டி, டீ காபெல் என்றால் முள்கரண்டி, டாஸ் மெஸ்ஸர் என்றால் கத்தி. (டீ என்றதும் தம்ளரை நீட்ட வேண்டாம். குடிக்கிற தேநீருக்கு அங்கே டெர்.) சூரியன் டீ, சந்திரன் டெர். சின்னப் பெண்ணைக் குறிக்கிற மேட்ஷென் என்ற சொல்லுக்கோ டாஸ்!

இதைக் கேட்டவுடன் சிரிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. எங்கள் மாலைச் சபையில் ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்: “பெண்ணை அஃறிணையிலே தள்ளினவனிடம் பெண்ணை வேலைக்கு அனுப்புவதா?” மார்க் ட்வெய்ன் 1880-லேயே இதைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதிவிட்டான். அவனை நான் மன்னித்துவிடுவேன். அவன் பேசிய இங்கிலீஷ், தன்னிடமிருந்த மூன்று பாலையும் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தொலைத்துவிட்ட பாஷை. பழைய இங்கிலீஷில் பெண்ணைக் குறித்த வீஃப் என்கிற சொல், இன்றைய ‘வைஃப்’ பிறந்த அந்தச் சொல், அதுவே டாஸ் ஜாதிதான். பாட்டி நகையை விற்றுத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்காரியின் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்தானாம் ஒருவன்.

ஆனால் தமிழ்ப் புலவர் சிரிக்கலாமா? ‘குழந்தை அழுகிறது’ என்கிறோமே, அந்தக் குழந்தை உயர்திணை இல்லையா? தொல்காப்பியர் ‘பெண்மகன்’ என்றொரு சொல்லைப் பெண்பாற் பெயர்களில் சேர்த்து வைத்திருக்கிறார். சொல்லின் வாலைப் பார்த்தால் மகன், ஆனால் வருகிறவள் பெண், வினையும் ‘வந்தாள்’ தான். எங்கள் ஓசூர்த் தெலுங்கையாவது அவர் காது கொடுத்துக் கேட்டதுண்டா? ஆண் வந்தால் ‘வச்சாடு’. பெண் வந்தால் ‘வச்சிந்தி’. பசு வந்தாலும் அதே ‘வச்சிந்தி’. அந்தப் பெண்ணே நாலு பேரோடு வந்தால் மனுஷர் கூட்டத்தோடு சேர்ந்து ‘வச்சாரு’ ஆகிவிடுகிறாள். உருதுக்காரர் வீட்டிலே ரொட்டி பெண், தண்ணீர் ஆண். இதற்காக எந்த ஓசூர்க்காரனும் ராத்தூக்கம் கெட்டதில்லை.

சிரிக்கிறவர்களாவது சும்மா இருந்துவிட்டுப் போகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கெடுக்கிறவர்களிடந்தான் எனக்குச் சண்டை. ‘சில மாதங்களில் ஜெர்மன்’ என்று பலகை மாட்டி, இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் சொல்லித் தருகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். பாலே இல்லாத பாஷையை நடுவில் வைத்துப் பால் கற்பிப்பது என்ன வித்தை? ‘மாஸ்குலின், ஃபெமினின்’ என்று கரும்பலகையில் எழுதுகிறார்கள். பிள்ளைகள் அதை ஆண், பெண் என்று மனசில் மாற்றிக்கொண்டு கரண்டிக்கு மீசை எங்கே என்று தேடுகிறார்கள். கிடைக்காது. ‘பார்த்தாயா, காரணமே கிடையாது’ என்று வாத்தியார் கையை விரிக்கிறார். ‘டெர், டீயை விடு, பேசினால் புரிந்துகொள்வார்கள்’ என்று அதற்கும் மேலே ஒரு தைரியம் சொல்கிறாராம்!

பால் என்றால் என்ன? பகுதி, பிரிவு. நம் இலக்கணத்தில் பால் ஐந்து. அவற்றில் பலர்பாலுக்கும் ஒன்றன்பாலுக்கும் பலவின்பாலுக்கும் ஆண் பெண் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: ‘அம்மா, ஜெர்மன்காரன் பொருளை மூன்றாகப் பிரிக்கவில்லை, சொல்லை மூன்றாகப் பிரித்திருக்கிறான்’ என்று. ஸம்ஸ்கிருதத்திலே பார்யா பெண்பால், தாரம் ஆண்பால், களத்திரம் இரண்டுமற்றது. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றே, மனைவி. நாமே ‘ஞாயிறு எழுந்தது’ என்றும் ‘சூரியன் எழுந்தான்’ என்றும் எழுதுகிறோம். வானத்தில் இருப்பது ஒரே உருண்டைதான்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பால் அர்த்தத்தைப் பார்த்து நடக்கிறது, அவர்களுடையது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கரண்டி ஏன் டெர் என்று கேட்டால் என்னிடமும் பதில் கிடையாது. ஆனால் சொல்லுக்கு வாலிலே குறி இருக்கிறது. ‘உங்’ என்றும் ‘ஹைட்’ என்றும் விகுதி வந்தால் டீ. சிறுமையைக் காட்டுகிற ‘ஷென்’ வந்தால் டாஸ். மேட்ஷென் டாஸ் ஆனது அந்த விகுதியால்தான், பெண்ணை இழிவு செய்வதற்காக அல்ல. கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல்தான் எஜமானன். நோயாளி சம்பந்தப்பட்டதற்கெல்லாம் முன்னே க்ராங்கன் என்று வருகிறது. அதோடு ஹவுஸ் சேர்ந்தால் ஆஸ்பத்திரி, டாஸ். வாகன் சேர்ந்தால் ஆம்புலன்ஸ், டெர். ஷ்வெஸ்டர் சேர்ந்தால் நர்ஸ், டீ. ஒரு நர்ஸுக்கு முதல் நாள் முதல் மணியில் சொல்லித் தர வேண்டியது இது. இரண்டு பரீட்சை எழுதியவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருந்தது, அரைகுறையாகப் படித்த நான்!

‘விட்டுவிடு’ என்கிற உபதேசம் இன்னும் மோசம். நம் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது: டாக்டர், டாக்டரை. ஜெர்மனில் அந்த வேலையைப் பெரும்பாலும் முன்னே நிற்கிற டெர்தான் பார்க்கிறது. டெர் ஆர்ட்ஸ்ட் என்றால் டாக்டர், டென் ஆர்ட்ஸ்ட் என்றால் டாக்டரை. ‘டென் ஆர்ட்ஸ்ட் ரூஃப்ட் டீ ஷ்வெஸ்டர்’ என்று ஒருவர் சொன்னால், டாக்டரை நர்ஸ் அழைக்கிறாள் என்று பொருள். அந்த டென்னை டெர் ஆக்கிவிட்டால் டாக்டர் நர்ஸை அழைக்கிறார் என்று ஆகிவிடும். இடம் மாறவில்லை, ஆள் மாறிப்போகிறது. ஆஸ்பத்திரியில் இதையா விட்டுவிடுவது?

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் என்கிற ஜெர்மன்காரர், நம் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். பத்து வருஷத்தில், 1716-இல், அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலே நகரத்தில் அச்சேறியது. மேஜையை ஆணென்று பேசி வளர்ந்தவர் அவர். அந்த மேஜையை ‘அது’ ஆக்க அவருக்கு நடுவிலே இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

இப்போது அந்தப் பெண் கடையின் பழைய பேரேடு ஒன்றில் மூன்று கட்டம் போட்டுச் சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் தடவைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா, கடைக்கு அந்தப் பாஷையில் என்ன பெயர் என்று கேட்டார்.

“டெர் லாடன், நாயனா.”

“டெர்னா?”

“ஆண்பால்.”

உள்ளே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா, “அப்போ நாளையிலேருந்து அவரையே கல்லாவிலே உட்காரச் சொல்லு” என்றாள்.