கவனிப்பவரைக் கவனிப்பது யார்?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டார் வந்து விசாரிப்பார்கள். மாரடைப்பு என்றால் உறவு முறையார் ஆஸ்பத்திரி வாசலில் கூடிவிடுவார்கள். ஆனால் பெற்ற தாய் தன் மகனையே பார்த்து "நீ யாரப்பா?" என்று கேட்கும் வீட்டுக்கு விசாரிக்க வருவோர் குறைவு. "வயசானால் அப்படித்தான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்தத் தாயை இரவு பகலாகக் காத்துக்கொண்டு வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்கும் மகளையோ மருமகளையோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வயசானால் வரும் சாதாரண மறதி வேறு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வேறு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது முதுமை. மூக்குக் கண்ணாடி எதற்கு என்பதே மறந்துபோவது நோய். அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் 1906-ம் ஆண்டிலேயே இந்நோயின் முக்கிய வகையை எடுத்துக் கூறினார். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. 88 லட்சம் நோயாளிகள் என்றால், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அதற்குக் குறைவாக இருக்க முடியாது.

பாலாநகரில் இந்தப் பிரச்னைக்குத் தனி முகம் உண்டு. எச்.ஏ.எல். தொழிற்சாலை, 1968-ல் தோன்றிய மத்திய டூல் டிசைன் நிலையம், இப்போது உற்பத்தி நின்றுபோன ஐ.டி.பி.எல். மருந்து ஆலை, சுற்றிலும் சிறு பட்டறைகள் என்று வளர்ந்த பகுதி இது. பிழைப்புக்காக இங்கு வந்து தங்கிய தமிழர் ஓய்வு பெற்று முதுமை அடைகிறார். அல்லது ஊரில் தகப்பனார் காலமானபின் தனியாக நின்ற தாயாரை மகன் இங்கே அழைத்து வந்துவிடுகிறார். ஊரில் என்றால் தெரு முழுவதும் தெரிந்த முகம். வழி தவறி நடந்தாலும் யாராவது கையைப் பிடித்துத் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். இங்கே நர்சாபூர் சாலைச் சந்திப்பில் நின்றுவிட்டால் அந்த அம்மாளுக்கு வீட்டு விலாசம் சொல்லத் தெரியாது. அவர் தமிழில் சொல்வது கேட்பவருக்கும் புரியாது.

மொழி இதில் பெரிய விஷயம். டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடன் சேர்ந்தவர்களும் ஐதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசுவோரைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு இந்நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாக வந்திருப்பதாக அதில் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதே வித்தியாசம் காணப்பட்டது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, வேலையில் இந்தி என்று வாழ்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் நோய் வந்தபின் நிலைமை தலைகீழ். பின்னால் கற்ற மொழி முதலில் நழுவ, தாய்மொழி மட்டும் மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. முப்பது வருஷம் மேஸ்திரியிடம் தெலுங்கில் பேசியவர் மறுபடி தமிழுக்கே திரும்பிவிடுகிறார். சம்பளத்துக்கு அமர்த்தும் ஆயாவுக்கு அவர் கேட்பது தண்ணீரா, கழிப்பறையா என்று தெரிவதில்லை. ஆகவே பாரம் முழுவதும் வீட்டில் தமிழ் பேசும் ஒருத்தியின் தலையில் விழுகிறது.

அவள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்ல வேண்டும். குளிக்கக் கூப்பிட்டால் கைகலப்பு. சாயங்காலம் ஆனால் சொந்த வீட்டிலேயே நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்ற அழுகை. எல்லாவற்றுக்கும் மேலாக, "என் பணத்தை இவள்தான் திருடிவிட்டாள்" என்ற பழி. ஊரிலிருந்து போனில் பேசும் நாத்தனார் அதை நம்பியும் விடுவார். டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பார். திருட்டுப் பழி சுமத்தினால் என்ன பதில் சொல்வது என்பதை அதே பாடுபட்ட இன்னொருத்தி சொல்லித் தருவாள். "வாதாடாதே, கூடச் சேர்ந்து தேடு, பேச்சை வேறு பக்கம் திருப்பு. கதவுத் தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்தில் மாட்டு. சட்டைப் பையில் விலாசத்தைத் தெலுங்கில் எழுதி வை." இந்த யோசனைகள் எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. நியூயார்க்கில், மறதி நோய் கண்ட கணவனையோ மனைவியையோ கவனித்து வந்த 406 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. ஆலோசனை, கூடிப் பேசும் குழு, வேண்டியபோது தொலைபேசியில் பேச ஓர் ஆள் ஆகியவை கிடைத்த குடும்பங்கள், மற்றவர்களைவிட 557 நாட்கள் அதிகமாக நோயாளியை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றின. நம் நாட்டிலும் 1992-ல் கேரளத்தில் பிறந்த அல்சைமர் நோய்ச் சங்கம் குடும்பத்தாரைக் கூட்டிப் பேச வைக்கும் வேலையைச் செய்துவருகிறது. ஐதராபாத்திலும் அதற்குக் கிளை உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 'ஐ-சப்போர்ட்' என்று, கவனிப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு பயிற்சியே தந்திருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் அதை நம் நாட்டுக்கு ஏற்பத் திருத்திச் சோதித்தபோது, சேர்ந்த 151 பேரில் கடைசிவரை நின்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். வீட்டு வேலையும் நோயாளியும் போக, தனியே உட்கார்ந்து பாடம் படிக்க யாரால் முடியும்? பாடத்தோடு பேச்சுத் துணையும் வேண்டும்.

அந்தத் துணைக்காக வெளியே போகவும் வழியில்லை. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு பஸ் ஏற முடியாது. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தை வளர்க்க 730 நாள் தனி விடுப்பு உண்டு. தாய் தந்தையைப் பார்க்க அப்படித் தனி விடுப்பு கிடையாது, இருக்கிற விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கோ லீவு போட்டால் கூலி போச்சு. ஆகவே கையிலிருக்கும் செல்போன்தான் வழி.

ஐதராபாத், செகந்திராபாத் தமிழ்ச் சங்கங்கள் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்குத் தேவையில்லை. இருபது குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ் அப் குழு போதும். எழுதத் தெரியாதவர்கள் குரலில் பதிவு செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாடு முடிந்தபின் எல்லோரும் ஒரே அழைப்பில் பேசலாம். தமிழ் தெரிந்த நர்சு அல்லது சமூக சேவகர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். மாமியாரைப் பற்றிப் பேசும்போது கணவன் வீட்டார் கேட்காதிருக்க, பெண்களுக்குத் தனிக் குழு அவசியம். நோயாளியின் படத்தைப் போடுவதும், கைகண்ட மருந்து என்று விளம்பரம் அனுப்புவதும் கூடாது. இந்த நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. அப்படி விற்பவனை முதல் நாளே வெளியேற்ற வேண்டும்.

"போனில் பேசினால் நோய் தீருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தீராது. முதலில் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். தைராய்டு கோளாறாலும் பி-12 வைட்டமின் குறைவாலும்கூட மறதி வரலாம், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "குடும்ப விஷயத்தை ஊரறியச் சொல்வதா?" என்பது அடுத்த கேள்வி. மறதி நோய் அவமானமல்ல. மூடி வைப்பதால் நொந்துபோவது கவனிக்கிறவள்தான். அவள் படுத்துவிட்டால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவர்.

போன் குழு செய்ய முடியாத ஒரு காரியமும் உண்டு. அது நேரில் வந்து இரண்டு மணி நேரம் பாட்டியின் பக்கத்தில் உட்காராது. அதைப் பக்கத்து வீட்டுத் தமிழர்தான் செய்ய வேண்டும். சங்கங்கள் விழித்துக்கொள்ளும் வரை, மனம் தளர்ந்தவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், தமிழிலும் பதில் கிடைக்கும். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

பாலாநகரில் உள்ள தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யட்டும். தெரிந்த வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால் போய்ப் பார்க்கட்டும். "பாட்டி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டபின், "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று அந்த மருமகளையும் கேட்கட்டும். அவள் பதில் சொல்லி முடிக்கிறவரை இருந்து கேட்டுவிட்டு வரட்டும்.