பாதாளத்துக்குப் பூட்டு

‘விஷக் கழிவை ஆழப் புதைத்துவிட்டால் தீர்ந்தது’ என்று சொல்லும் விஞ்ஞானிகளோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பாதரசமும் ஆர்சனிக்கும் எரித்தாலும் அழியாத சரக்குகள். எங்கேயாவது வைத்துத்தான் ஆகவேண்டும். ஆற்றங்கரையில் கொட்டுவதைவிட அரைக் கிலோமீட்டர் ஆழத்தில் வைப்பது மேல்தான். என் சண்டையெல்லாம் அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லோடு. தீர்ந்ததா?

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில், விட்டெல்சைம் என்றோர் ஊர். பூமிக்கடியில் பொட்டாஷ் உப்பை வெட்டிப் பிழைத்த ஊர். சுரங்கத்துக்கு முடிவு காலம் நெருங்கியது. வேலை போய்விடுமே என்ற கவலை. அந்தச் சமயம் பார்த்து, உப்புப் பாறைக்குள் அறைகள் குடைந்து தொழிற்சாலைக் கழிவை அடுக்கலாம் என்ற யோசனை வந்தது. ‘ஸ்டோகாமின்’ என்ற நிறுவனத்துக்கு 1997-ல் அனுமதி கிடைத்தது. 1999-ல் சரக்கு இறங்கத் தொடங்கியது. திட்டம் 3,20,000 டன்னுக்கு.

ஜனங்களின் வாயை அடைத்தது ஒரு வாக்குறுதி: வேண்டாமென்றால் திரும்ப எடுத்துவிடலாம் என்பது.

உப்புப் பாறையின் குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது கருங்கல்லைப் போல நிற்பதில்லை. மேலிருக்கும் பாரத்தால் மெல்ல நகர்ந்து, குடைந்த இடத்தை வருஷத்துக்கு வருஷம் நெருக்கிக்கொண்டே வரும். விரிசல் தானே மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று அதைப் புகழ்வதும் இதனால்தான். சரி, இறுகப் பிடிப்பது, கேட்டபோது எப்படி ஐயா திருப்பிக் கொடுக்கும்? என்றைக்கும் வெளியே வராது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரே வாயால் சொன்னார்கள். அடகுக் கடைக்காரர்கூட இப்படிப் பேசத் துணியமாட்டார்.

2002 செப்டம்பரில், தீப்பற்றும் சரக்கு இறங்கவே கூடாத அந்தச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. அணைய இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. பாறையின் மேல் தப்பில்லை என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்! பாறை கோடிக்கணக்கான வருஷம் சும்மா இருந்தது. மூட்டையை உள்ளே விட்டது மனிதன். பாதுகாப்புக் கணக்கில் பாறையின் கனத்தைச் சேர்க்கிறவர்கள் மனிதனுடைய அசட்டையை ஏன் சேர்ப்பதில்லை?

அதற்குள் சுமார் 44,000 டன் இறங்கியிருந்தது. எடுப்பதா, விடுவதா என்று 12 வருஷம் விவாதித்தார்கள். உப்பு விவாதிக்கவில்லை, நகர்ந்துகொண்டிருந்தது. 2014-க்கும் 2017-க்கும் இடையே ஏறக்குறைய 2,300 டன்னை மீட்டார்கள். மிச்சத்தை அங்கேயே அடைத்துவிடுவதென்று 2021-ல் அரசாங்கம் முடிவு செய்தது. எடுக்கப் போகிற தொழிலாளிக்கு ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். பொய்க் காரணம் அல்ல. ஆனால் அந்த ஆபத்தை வளரவிட்டது யார்? அடைக்கும் வேலைக்கு 2023 நவம்பரில் ஒரு கோர்ட்டு தடை போட்டது. 2024 பிப்ரவரியில் மேல் கோர்ட்டு அதை நீக்கியது. இத்தனைக்கும் மேலே இருப்பது ரைன் சமவெளியின் நிலத்தடி நீர். ஊரார் குடிக்கும் தண்ணீர்.

இது ஒரு ஊர்க் கதை என்று தள்ளவும் முடியாது. ஜெர்மனியில் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய் அணுக் கழிவை இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் கசிந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுக்கவேண்டும் என்று 2013-ல் சட்டமே போடவேண்டியதாயிற்று.

ஆழமே கூடாதென்று நான் வாதாடவில்லை. எடுக்கலாம் என்கிறவர்கள், எத்தனை வருஷத்துக்குள் எடுக்கமுடியும் என்று எழுதி, அதற்கான பணத்தையும் முதலிலேயே கட்டி வைக்கட்டும். எடுக்கமுடியாதென்றால், முதல் மூட்டை இறங்குவதற்கு முன்பே அதை ஊராரின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்களா, பார்ப்போம்.