"அது நோர்மல்" எண்டு சொல்லாதேங்கோ

மாமா போன வருசம் ஒரு ஜீப் எடுத்தவர். ஜீப் எண்டால் உண்மையான ஜீப் இல்லை. கொஞ்சம் உயரமாக நிற்கிற எல்லாத்தையும் நாங்கள் ஜீப் எண்டுதானே சொல்லுவோம். ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடி வந்த ஹைபிரிட் எஸ்.யூ.வி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும்வரை ஐந்து வருசமாகக் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். பாதிக் காசு கையில் இருந்தது, மிச்சம் லீசிங். கோயிலுக்குக் கொண்டுபோய் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை ரயருக்குக் கீழே வைத்து நசித்து, எல்லாம் முறைப்படி செய்தோம்.

இரண்டாவது கிழமை சத்தம் தொடங்கியது. முதலில் காலையில் கேற்றைத் தாண்டும்போது ஒரு கீச். கொஞ்ச நாளில் அது பின்பக்கத்தில் கறகற எண்டு மாறியது. பிறகு நாங்கள் எல்லாரும் நுவரெலியா போய் இறங்கி வரும்போது, ரம்பொடைப் பக்கம் ஒரு வளைவில் பெடல் வழமையைவிட உள்ளே போனது. அதே நேரம் டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஏதோ எழுத்து. ஜப்பான் மொழி. பின்சீட்டில் இருந்த நான் போனை நீட்டிப் படம் எடுத்து மொழிபெயர்த்தேன். பிறேக் தொகுதியில் கோளாறு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் எண்டு வந்தது. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பள்ளம். பாதுகாப்பான இடத்துக்கு எங்க போறது? ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நிப்பாட்டி, என்ஜினை ஓவ் பண்ணித் திரும்பப் போட்டோம். எழுத்துப் போய்விட்டது. கம்பளை வரைக்கும் ஒருத்தரும் கதைக்கவில்லை.

அடுத்த கிழமை மாமா வாகனத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார், விற்றவரிடம். அங்கே ஒரு பொடியன் ஸ்கானரைக் குத்தினான், லைட்டை அழித்தான், சிரித்தான். "சேர், ஹைபிரிட் எண்டா அப்பிடித்தான். அது நோர்மல்."

இந்தக் கட்டுரை அந்த "நோர்மல்" என்ற சொல்லைப் பற்றியது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறேக்கில் வருகிற எல்லாச் சத்தமும் ஆபத்து இல்லை. இரவு மழை பெய்தால் டிஸ்க்கில் மெல்லியதாகத் துரு பிடிக்கும். காலையில் முதல் இரண்டு மூன்று தரம் பிறேக் அடிக்கும்போது உரஞ்சும், பிறகு போய்விடும். சில பாட் வகைகள் இயல்பாகவே கீச்சிடும். இதுகளை நோர்மல் எண்டு சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் தொடர்ந்து வரும் கூரிய கீச், பாட் தேய்ந்து முடியப்போகுது எண்டு சொல்வதற்காகவே வைத்த ஒரு சின்னத் தகடு டிஸ்க்கில் படுகிற சத்தமாக இருக்கலாம். அதை உண்டாக்கியதே நாங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இரும்பும் இரும்பும் உரஞ்சுற கறகறச் சத்தம் நோர்மல் இல்லை. பெடல் உள்ளே போவது நோர்மல் இல்லை. எச்சரிக்கை லைட் எரிவது எந்த மொழியிலும் நோர்மல் இல்லை.

எங்கட ஊர்க் கராஜில் சில்லைக் கழற்றியபோது விசயம் வெளித்தது. பின்பக்கக் கலிப்பர் வழுக்கி ஓட வேண்டிய பின் இறுகிப்போய் நின்றது. அதனால் வெளிப்பக்கப் பாட் கிட்டத்தட்டப் புதுசு, உள்பக்கப் பாட் தகடு வரைக்கும் தேய்ந்து போயிருந்தது. "தம்பி, இதைப் பார்" எண்டு அந்த அண்ணை பிறேக் ஓயிலை ஒரு போத்தலில் எடுத்துக் காட்டினார். பிளேன்ரீ நிறம்.

இது ஏன் ஹைபிரிட்டில் கூட நடக்குது எண்டும் அவர் சொன்னார். ஹைபிரிட் வேகத்தைக் குறைக்கும்போது பெரும்பாலும் மோட்டர்தான் அந்த வேலையைச் செய்து, பற்றரிக்கு மின்சாரத்தை அனுப்பும். பாட்டும் டிஸ்க்கும் சும்மா இருக்கும். வேலை செய்யாத இரும்பு துருப்பிடிக்கும், அசையாத பின் இறுகும். கடல் காத்து அடிக்கிற எங்கட பக்கத்தில் சொல்லவே தேவையில்லை. பிறேக் ஓயிலும் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். தர அளவுகோலின்படி புதிய டொட் 4 ஓயில் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியதுக்கு அந்த எல்லை 155 பாகைதான். மலையில் இறங்கும்போது பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறும், பழைய ஓயில் கொதிக்கும், குமிழி வரும், பெடல் உள்ளே போகும். ஆக "ஹைபிரிட் எண்டா அப்பிடித்தான்" என்பதில் ஒரு பாதி உண்மை இருக்கு. ஹைபிரிட்டில் இப்படி நடக்கும் என்பது தெரிந்தால், விற்க முதல் கழற்றிப் பார்க்க வேண்டியது யார்? தெரிந்துகொண்டே பார்க்காமல் விட்டதுக்கு வைத்த பெயர்தான் நோர்மல்.

இந்தச் சொல் எங்கட ஊரில் பிறந்ததும் இல்லை. 2010 பெப்ரவரியில், புதிய பிரியஸ் மேடுபள்ளத்தில் போகும்போது பிறேக் ஒரு கணம் விட்டுப் பிடிக்குது எண்டு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உரிமையாளர்கள் முறையிட்டார்கள். ரொயோட்டாவின் தரத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஊடகங்களுக்குச் சொன்ன விளக்கத்தின் சாரம், அது ஓட்டுறவரின் உணர்வு சம்பந்தப்பட்ட விசயம், இன்னும் அழுத்தி மிதித்தால் வாகனம் நிற்கும் என்பது. ஒரு கிழமைகூடப் போகவில்லை. அதே கொம்பனி பிரியஸ் உட்பட உலகெங்கும் சுமார் 437,000 ஹைபிரிட் வாகனங்களை ஏ.பி.எஸ் மென்பொருளைத் திருத்த ரீகோல் செய்தது. வியாழக்கிழமை "உணர்வு", அடுத்த கிழமை கோளாறு. இடையில் மாறியது வாகனம் இல்லை. சத்தம் போட்டவர்களின் எண்ணிக்கையும், அவர்களுக்குப் பின்னால் நின்ற அரசாங்கங்களும்தான்.

பெரிய எஸ்.யூ.விகளின் கதையும் இதுதான். 2014இல் கிரைஸ்லர், 2011 முதல் 2014 வரையான ஜீப் கிராண்ட் செரோக்கி, டொட்ஜ் டுராங்கோ வாகனங்கள் 8 லட்சத்து 67 ஆயிரத்துக்கு மேல் திருப்பி அழைத்தது. பிறேக் பூஸ்டர் துருப்பிடித்து உள்ளே தண்ணி போகலாம், அது உறைந்தால் பிறேக் பிடிப்பது குறையலாம் என்பது காரணம். 2022இல் மெர்சிடீஸ், பழைய எம்.எல், ஜி.எல், ஆர் வகை வாகனங்கள் கிட்டத்தட்டப் பத்து லட்சத்தை அழைத்தது. அங்கும் பூஸ்டரில் துரு. மிக மோசமான நிலையில் பெடலுக்கும் பிறேக்குக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோகலாம் எண்டு ஜேர்மன் அதிகாரசபை சொன்னது. 2024இல் பி.எம்.டபிள்யூ, வெளியாரிடம் வாங்கிய பிறேக் தொகுதியில் கோளாறு எண்டு 15 லட்சம் வாகனங்கள் பாதிக்கப்பட்டதாக அறிவித்தது. காசு கூடினால் பிறேக்கும் கூடப் பிடிக்கும் எண்டு நம்புகிறவர்கள் இந்த மூன்றையும் ஒருக்கா யோசித்துப் பாருங்கோ.

இந்த நாடுகளில் கொம்பனிகள் நல்லவை எண்டு நான் சொல்ல வரவில்லை. அங்கே முறைப்பாட்டுக்கு ஒரு முகவரி இருக்கு. அமெரிக்காவில் 1966இல் இருந்து அதுக்குச் சட்டம் இருக்கு. இந்தியாவில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவு முறைப்பாடுகள் சேர்ந்தால் அரசு ரீகோலுக்கு உத்தரவிடலாம் எண்டு விதி கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு ஆளின் "கறகற" பதிவாகும், ஆயிரம் பேரின் "கறகற" சான்றாகும்.

இங்கே? ஜப்பானில் ரீகோல் வந்தால் கடிதம் ஜப்பானில் பதிவில் இருக்கிற உரிமையாளருக்குப் போகும். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கப்பட்ட வாகனத்துக்கு அங்கே உரிமையாளரே இல்லை. இங்கே உள்ள முகவர் "நாங்கள் கொண்டுவந்த வாகனம் இல்லை" எண்டு கையை விரிப்பார். கொண்டுவந்து விற்றவர் லைட்டை அழிப்பார். அரசாங்கம் வருசா வருசம் வரிப்பத்திரத்துக்கு முதல் புகையைச் சோதிக்குது. நல்ல விசயம். ஆனால் சொந்தப் பாவனை வாகனத்தின் பிறேக் பிடிக்குதா எண்டு அந்த வரிசையில் ஒருத்தரும் கேட்பதில்லை. வாகனத்துக்கு வாங்குகிற வரியில் ஒரு துளியைக்கூட அதுக்குச் செலவழிக்க ஏலாதா?

பாவனையாளர் அதிகாரசபை இருக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, 1977 எண்டு தொலைபேசி இலக்கமும் இருக்கு. ஆனால் அந்தச் சட்டப்படி முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேணும். இப்ப "நோர்மல்" என்ற சொல்லின் பெறுமதி விளங்குதா? "கொஞ்சம் ஓடுங்கோ, செற் ஆகும்" எண்டு சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்புகிற ஒவ்வொரு தரமும் அந்த மூன்று மாதத்தில் இருந்து ஒரு கிழமை கழியுது. மாமாவுக்கு விளங்கியபோது நாலாவது மாதம்.

இதுவரைக்கும் மற்றவர்களைத் திட்டிவிட்டேன். இனி எங்களை.

பின்னை மாற்றி, பாட் போட்டு, ஓயில் மாற்றியதும் சத்தம் நின்றது. மஞ்சள் எழுத்து நிற்கவில்லை. கிழமைக்கு ஒருக்கா வந்து போகும். கராஜ் அண்ணை, உள்ளே பிறேக்கை இயக்குகிற தொகுதியில் ஏதோ இருக்கு, அது தன்ர கையில் இல்லை எண்டார். அந்தத் தொகுதியின் விலையைக் கேட்ட மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "வித்திடுவம்" எண்டார். விளம்பரத்துக்குப் படம் எடுத்தது நான். "ஒரு குறையும் இல்லை, எடுத்து ஓட வேண்டியதுதான்" எண்டு எழுதியதும் நான். லைட்டை அழித்துவிட்டுத்தான் காட்டினோம். வாங்கினவர் எங்கட வயசுப் பொடியன், மனிசியும் கைக்குழந்தையும் வந்திருந்தார்கள். ஓடிப் பார்த்துவிட்டு, பெடல் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கே எண்டு கேட்டார்.

மாமா சொன்னார்: "ஹைபிரிட் எண்டா அப்பிடித்தான் தம்பி. நோர்மல்."

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

லீசிங் கட்ட வேணும், பிள்ளையின்ர படிப்பு இருக்கு, நாங்களும் ஏமாந்துதானே வாங்கினோம். காரணம் எல்லாம் இருக்கு. விற்றவருக்கும் இதே மாதிரிக் காரணங்கள் இருந்திருக்கும். ஒரு பிறேக் கோளாறு ஆளுக்காள் கைமாறுவது இப்படித்தான். பெறுமதி குறைந்துவிடும் எண்டு குறையை மறைக்கிறோம்; மறைப்பதால் எண்ணிக்கை சேராது; எண்ணிக்கை சேராததால் "ஒருத்தரும் முறையிடவில்லையே" எண்டு சொல்ல அவர்களுக்கு வசதி. பிறேக் வாகனத்துக்கு உள்ளே இருக்கிறவருக்கு மட்டும் உரிய விசயமும் இல்லை. முன்னால் சைக்கிளில் ரியூசனுக்குப் போகிற பிள்ளை லீசிங் எடுத்ததும் இல்லை, "நோர்மல்" எண்டதைக் கேட்டதும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து அந்த வாகனத்தின் சேஸி இலக்கத்தைக் கொம்பனியின் ஜப்பான் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு ரீகோல் நிலுவையில் இருந்தது. பிறேக்குக்கு இல்லை, எரிபொருள் பம்புக்கு. அதையும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் வாங்கினவருக்குப் போன் எடுத்து இரண்டையும் சொன்னேன். அவர் பேசின பேச்சை இங்கே எழுத ஏலாது. பேசினது சரி. மாமா இப்ப என்னோடு கதைப்பதில்லை. காசில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறதைப் பற்றி அம்மா நடுவில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறா.

அதனால் ஜீப் வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கி வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்கக்கூடாது எண்டு ரேடியோவைக் கூட்டுகிறவர்களுக்கும்:

காசு கொடுக்க முதல் நாலு சில்லையும் கழற்றிப் பாருங்கோ. சேஸி இலக்கத்தைத் தேடிப் பாருங்கோ. சத்தம் வந்தால் போனில் பதியுங்கோ, லைட் வந்தால் படம் எடுங்கோ, திகதியைக் குறியுங்கோ. "நோர்மல்" எண்டு சொன்னால், அதைக் கடிதத் தலைப்பில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கோ. எத்தினை பேர் வைக்கினம் எண்டு பார்ப்பம். மூன்று மாதம் முடிய முதல், தமிழிலேயே, எழுத்தில் முறையிடுங்கோ. தமிழில் வாங்கிப் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. விற்கிறதெண்டால் குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்கவும்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு: வெளிநாட்டில் அறிவித்த ரீகோலை இங்கே இறக்கிய வாகனத்தோடு பொருத்திப் பார்க்கிற பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் சட்டமாகக் கட்டு. புகைச் சோதனைக்கு நிற்கிற அதே இடத்தில் பிறேக்கையும் சோதி.

அது வரும்வரைக்கும், யாராவது உங்களிடம் "பெடல் வித்தியாசமாக இருக்கே" எண்டு கேட்டால், நான் அண்டைக்குச் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கோ.