இரட்டைக் குவளையும் இரட்டைக் கேபிளும்

உக்ரைனின் தெற்கில், கெர்சோன் நகரத்துக்குப் பக்கத்தில் சோர்னோபயிவ்கா என்றொரு கிராமம். அங்கே ஒரு விமானத்தளம். 2022 பிப்ரவரிக் கடைசியில் ரஷ்யப் படை அதைப் பிடித்தது. பிடித்த கையோடு தன் கட்டளையகங்களையும் ஹெலிகாப்டர்களையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. உக்ரைன் அடித்தது. ரஷ்யர்கள் இடத்தை விடவில்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள், திரும்பத் திரும்ப அடி வாங்கினார்கள். உக்ரைன் மக்களிடம் அந்த ஊர்ப் பெயரே கேலிப்பேச்சாகிப் போனது. 2023இல் அமெரிக்கத் தரைப்படையின் 'மிலிட்டரி ரிவியூ' இதழில் அதிகாரிகள் சிலர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'கட்டளையகங்களின் சுடுகாடு' என்று பொருள்படத் தலைப்பு வைத்தார்கள். எழுதியது ரஷ்யர்களைப் பற்றி. பயமோ தங்களைப் பற்றி.

இதை ஏன் நம்ம இதழ் பேசணும்னு தோழர்கள் கேட்கலாம். அந்தப் படைகளில் எதுவும் நம் படை இல்லை. எந்தப் படையின் வெற்றிக்காகவும் நாம் இங்கே கவலைப்படவில்லை. ஆனால் ஆணை பிறக்கிற இடம் எப்படிக் கட்டப்படுகிறது, அது ஏன் இவ்வளவு கனக்கிறது என்பது நாம் பேச வேண்டிய விஷயம். கனத்தைப் பற்றிப் பேச நம்மைவிடத் தகுதி யாருக்கு இருக்கு?

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்காவை எதிர்த்தவர்களிடம் போர்விமானம் இல்லை. அதனால் கட்டளையகம் பயமில்லாமல் ஊதிப் பெருத்தது. வரிசையாகக் கூடாரங்கள், ஏசி, சுவர் நிறையத் திரைகள், ஜெனரேட்டர்கள், காலிடறும் கேபிள்கள். எழுப்பப் பல மணி நேரம், பிரிக்கப் பல மணி நேரம். ஜெனரேட்டரின் சூடு ஆகாயத்திலிருந்து தெரியும். ஆண்டெனா விடுகிற அலையை வைத்தே ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம். 2016இல், அன்றைக்குத் தரைப்படைத் தலைவராயிருந்த மார்க் மில்லி, வரப்போகிற போரில் ஓரிடத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தங்கினால் சாவுதான் என்று பேசினார். அடுத்த வருஷமே, பல நூறு கோடி டாலர் கொட்டி உருவாக்கிய 'வின்-டி' என்ற போர்க்கள வலைப்பின்னலை மேற்கொண்டு வாங்குவதை நிறுத்தப்போவதாகத் தரைப்படை நாடாளுமன்றத்திடம் சொன்னது. பலமான எதிரி முன்னால் அது தாங்காது என்பது காரணம்.

அப்போதிலிருந்து ஒரே மந்திரம்: எடையைக் குறை, துண்டு துண்டாகப் பிரி. ஆள் தூக்கக்கூடிய பெட்டிக்குள் சர்வர். இரும்புத் தட்டுக்குப் பதிலாகக் காற்றடைத்த பந்து மாதிரி ஒரு சாட்டிலைட் ஆண்டெனா. காற்றை இறக்கி மடித்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். கூடாரத்தில் நடந்த வேலை வண்டிக்குள்ளேயே. எந்தப் பெட்டி வேண்டுமோ அதை மட்டும் எடுத்துப் போகலாம். ஒன்று போனாலும் மற்றது ஓடும். இந்தப் பெட்டிகளுக்கு ஒரு அளவு உண்டு: இருவர் தூக்கும் எடை, நால்வர் தூக்கும் எடை. கிலோ கணக்கு அப்புறம்தான், முதலில் ஆள் கணக்கு. அந்த இருவர் யார்? கர்னல் இல்லை.

(எங்கள் வங்கிக் கிளையில் யு.பி.எஸ். பேட்டரி மாற்றும் நாளில் அதைத் தூக்குவது யார் என்று ஒரு தடவை வந்து பாருங்கள்.)

பழைய மதராஸ் ராணுவத்தில் பயனியர் படை என்று ஒன்று இருந்தது. பறையர் சேரிகளிலிருந்து ஏராளமானோர் அதில் போனார்கள். படைக்கு முன்னால் நடந்து பாதை வெட்டுவது, மண் தோண்டுவது அவர்கள் வேலை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணச் சாதி' என்றொரு கதை கட்டி, மகர்களுக்குப் படையின் கதவை மூடினான் வெள்ளைக்காரன். 1933இல் பயனியர் படையையும் கலைத்தான். சுமந்தவனைக் கழற்றி எறிவதும் ஒருவகை எடைக்குறைப்புதான்.

நமக்குப் பிடிபட வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. கட்டளையகம் ஏன் அவ்வளவு கனத்தது? ஏசியும் ஜெனரேட்டரும் மட்டும் காரணமில்லை. சாதாரணத் தகவலுக்கு ஒரு வலைப்பின்னல், இரகசியத்துக்கு ஒன்று, அதற்கும் மேலான இரகசியத்துக்கு ஒன்று, கூட்டணி நாட்டுக்காரனுக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ரவுட்டர், தனி சர்வர், தனிக் கேபிள். பூட்டுப் போடாத இரகசியம் ஓடும் கம்பிக்குச் 'சிவப்பு' என்று பெயர், சங்கேதப் பூட்டுப் போட்டது 'கறுப்பு'. சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது. எத்தனை தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்பதற்கே விதி உண்டு. மேசைமேல் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கம்ப்யூட்டர். டீக்கடை இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கணுமா? இரகசியம் காக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, சாதிக்கு அதுகூடக் கிடையாது என்பது வேறு. ஆனால் படிநிலை எங்கே இருக்கிறதோ அங்கே எல்லாவற்றையும் இரண்டாக, மூன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு குவளை, இரண்டு கிணறு, இரண்டு சுடுகாடு. இரும்புக்கு மட்டுமா எடை? படிநிலைக்கும் எடை உண்டு.

இப்போது என்ன செய்கிறார்கள்? ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் பல சர்வர்களை உருவாக்குகிறார்கள். கடையில் வாங்கும் கருவியிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சங்கேதப் பூட்டுப் போட்டால் வயர்லெஸ்ஸிலேயே இரகசியம் போகலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். கேபிள் சுருள்கள் ஒழிந்தன, மணிக்கணக்கு வேலை நிமிஷக்கணக்கானது. ஆனால் சுவர் இடிந்துவிட்டதா என்ன? பெட்டி ஒண்ணாச்சு, சுவர் உள்ளே போச்சு, அவ்வளவுதான். நகரத்துக் கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பேப்பர் கப். வீடு வாடகைக்குக் கேட்டால் ஊர் எது, தெரு எது.

பெட்டியைச் சுருக்கியவர்களுக்கு அதிகாரத்தைச் சுருக்கத் தெரியவில்லை. கட்டளையகம் சிதறி ஒளிந்திருக்கும்போது தொடர்பு அறுந்துபோகும். அப்போது கீழே இருப்பவன் தானே முடிவெடுத்தாக வேண்டும். என்ன செய்ய வேண்டும், ஏன் என்பதை மட்டும் மேலிருந்து சொல். எப்படி என்பதைக் கீழே விடு என்று அவர்கள் கையேடே சொல்கிறது. நடந்ததோ தலைகீழ். ட்ரோன் படமெடுக்கத் தொடங்கியதும், பல நூறு மைல் தள்ளி உட்கார்ந்த ஜெனரல் திரையைப் பார்த்துக்கொண்டே சிப்பாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தத் திரையை ஊட்டத்தான் அத்தனை ஆண்டெனா, அத்தனை அலை. பார்க்கும் ஆசையே காட்டிக்கொடுக்கிறது.

சரி, நம் அமைப்புகளுக்கு வருவோம். நம்மிடம் சர்வர் இல்லை, கூடாரம் இல்லை. பெரும்பாலும் ஒரு வாடகை அறை, ஒரு பிளெக்ஸ், நாலு வாட்ஸ்அப் குழு. ஆனாலும் கனக்கிறது. ஒரு சேரியில் புகுந்து அடிக்கிறார்கள். பக்கத்து ஊர்த் தோழர் தலைமைக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். போன் 'பிஸி'. அறிக்கை வந்த பிறகுதான் புகார் எழுதலாமா, மறியல் செய்யலாமா என்று தெரியும். அதற்குள் எதிர்த்தரப்பு நம்மவர்கள் மேலேயே வழக்குப் போட்டிருக்கும். துண்டறிக்கையில் யார் படம் பெரிசு என்பதற்கு ஒரு நாள் போகிறது. தலைவர் ஒருத்தரைப் பிடித்து உள்ளே போட்டால் ஒரு மாவட்டமே வாயடைத்து நிற்கிறது. சாதியின் படிநிலையை எதிர்க்கிற நாம் அதன் எடையை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோமோ?

அடுத்த மாவட்டக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயத்தைச் சேருங்கள்: தலைமையைக் கேட்காமலே கிளை என்னென்ன செய்யலாம்? வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா, வழக்கறிஞரைப் பார்க்கலாமா, பத்திரிகைக்காரரிடம் பேசலாமா, சாலையில் உட்காரலாமா? மாணவத் தோழர்களும் உட்கார்ந்து எழுதட்டும். வருகிற பட்டியலை, ஒரு வரியே இருந்தாலும், அடுத்த இதழில் அப்படியே போடுகிறோம்.