மேப் பெரிசா இருந்தா போதுமா? கேம் உலகங்களுக்கு உயிர் வருவது எப்படி?

புதிய ஓப்பன் வேர்ல்ட் கேம் ஒன்று அறிவிக்கப்பட்டதும் கேமர்கள் மத்தியில் முதலில் எழும் கேள்வி, "மேப் எவ்ளோ பெரிசு?" என்பதுதான். நிறுவனங்களும் அதற்கேற்ப மேப்பின் அளவைச் சொல்லியே விளம்பரம் செய்கின்றன. ஆனால், ஒரு கேம் உலகம் நிஜம் போலத் தோன்றுவதற்கும் அதன் பரப்பளவுக்கும் பெரிய தொடர்பு இல்லை. இந்தத் தவறான அளவுகோலுக்கான விலையை, கேமை வாங்குபவர்கள், உருவாக்குபவர்கள் என இரு தரப்பும் கொடுக்கிறது.

பெரிய மேப் என்ன தரும்?

1996-ல் வெளியான 'டாகர்ஃபால்' கேமின் மேப், கிட்டத்தட்ட பிரிட்டன் அளவு என்று சொல்லப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கான ஊர்கள் உண்டு. பெரும்பாலானவை கணினி தானாக அடுக்கி வைத்தவை என்பதால், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வித்தியாசம் தெரியாது.

20 ஆண்டுகள் கழித்து, 2016-ல் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தது. அதிலுள்ள கோள்களின் எண்ணிக்கை, 18-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணையும் தாண்டியது. இவற்றை யாரும் ஒவ்வொன்றாக வரையவில்லை. விளையாடுபவர் நெருங்கும்போது கணிதச் சூத்திரங்கள் அந்தக் கோளை உருவாக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அசாத்தியமான வேலை. ஆனா, வெளியானதும் பலரும் சொன்ன குறை, "எங்க போனாலும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்பதுதான். வீடு கட்டுவது, நண்பர்களோடு சேர்ந்து சுற்றுவது என்று செய்வதற்கான விஷயங்களை இலவச அப்டேட்களில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பிறகே அந்த கேம் தன் பெயரை மீட்டது.

உயிர் எங்கே இருக்கிறது?

இதற்கு நேர் எதிர், ஜப்பானின் 'யாகுசா' வரிசை. 2005-ல் தொடங்கிய இந்த வரிசையின் முக்கியக் களம் கமுரோச்சோ. டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியை மாதிரியாகக் கொண்ட இதை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில நிமிடங்களில் ஓடிக் கடந்துவிடலாம். அடுத்தடுத்த கேம்களில் அதே தெருக்கள் திரும்ப வருகின்றன. கடைகள் மாறுகின்றன, காலம் நகர்கிறது. பழகிய ஏரியாவுக்குத் திரும்பி வந்த உணர்வு கிடைக்கிறது.

1899-ன் அமெரிக்காவைக் காட்டும் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' (2018) இன்னொரு வழியில் போகிறது. வேட்டையாடிய விலங்கின் உடல் நாள்பட அழுகும். நாயகனுக்குத் தாடி வளரும். துடைக்காத துப்பாக்கி பழுதாகும். வழியில் போகிறவரிடம் வணக்கமும் சொல்லலாம், வம்பும் இழுக்கலாம். அதற்கேற்ற பதில் வரும். "இதைக்கூடவா யோசிச்சிருக்காங்க?" என்று கேட்க வைப்பது மேப்பின் அளவல்ல, இந்தச் சின்னச் சின்ன எதிர்வினைகள்தான்.

விலை கொடுப்பது யார்?

அந்த ஒவ்வொரு எதிர்வினைக்கும் பின்னால் மனித உழைப்பு இருக்கிறது. அந்த கேமுக்காக 3 லட்சம் அனிமேஷன்களும் 5 லட்சம் வரி வசனங்களும் உருவாக்கப்பட்டதாக ராக்ஸ்டார் நிறுவனத்தின் இணை நிறுவனர் டான் ஹவுசர் 2018-ல் சொன்னார். அதே பேட்டியில் வாரம் 100 மணி நேரம் வேலை பார்த்ததாகவும் சொல்ல, சர்ச்சை வெடித்தது. அது நான்கு பேர் கொண்ட மூத்த எழுத்தாளர் குழு மூன்று வாரங்கள் பார்த்த வேலை என்று பின்னர் விளக்கம் தந்தார். ஆனாலும், கேம் துறையின் ஓவர்டைம் கலாச்சாரம் பற்றிய விவாதம் ஓயவில்லை.

'சைபர்பங்க் 2077' கதை இன்னும் கசப்பானது. கட்டாய ஓவர்டைமைத் தவிர்ப்போம் என்று 2019-ல் சொன்ன சிடி ப்ராஜெக்ட் ரெட், 2020-ல் வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. கேம் தள்ளிப்போனதற்காக டெவலப்பர்களுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. கடைசியில் அந்த டிசம்பரில் வெளியானபோது, பிழைகள் மலிந்து, ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. ஐடி துறையில் ரிலீஸ் வாரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. 2017-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமில், எல்லாக் காட்சிகளையும் தனித்தனியாகச் செதுக்குவதற்குப் பதில் பொதுவான விதிகளை எழுதினார்கள். நெருப்பு பட்டால் புல் எரியும். எரியும் இடத்தில் காற்று மேலெழும். அதில் கிளைடரை விரித்துப் பறக்கலாம். இடி மழையில் இரும்பு ஆயுதத்தோடு நின்றால் மின்னல் தாக்கும். சில விதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, விளையாடுபவரே எதிர்பாராத நூற்றுக்கணக்கான சம்பவங்களை உண்டாக்குகின்றன. இதற்கும் உழைப்பு வேண்டும்தான். ஆனால், ஒருமுறை போட்ட உழைப்பு உலகம் முழுக்கப் பலன் தருகிறது.

சந்தை எதற்குக் கைதட்டுகிறதோ அதைத்தான் நிறுவனங்கள் தயாரிக்கும். பரப்பளவுக்குக் கைதட்டினால் காலியான மைதானங்கள் கிடைக்கும். தேதிக்காக நச்சரித்தால் அரைவேக்காட்டு கேம் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் பணமும், ஆபீஸ் முடிந்து கிடைக்கும் கொஞ்ச நேரமும் செலவாகும் விஷயம் இது. முன்பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அந்த உலகத்துல நான் ஏதாவது செஞ்சா, என்ன மாறும்?" அதற்கு ட்ரெய்லரில் பதில் இல்லையென்றால், ரிலீஸாகி இரண்டு வாரம் கழித்து வாங்கினாலும் குடி முழுகிப்போகாது.